வெளிச்செய்தி

பல் துலக்கிக்கொண்டே இரவுச் செய்தியைக் கேட்பது மிருதுளாவின் வழக்கம். கண்ணாடிக்குப் பக்கத்தில் பதித்திருந்த பேசி, அலுப்பே இல்லாத குரலில் தினமும் அதைச் சொல்லும்.

"இரவில் உங்களுக்கு வந்தவை நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. மனிதர்கள் அனுப்பியவை இரண்டு."

இரண்டு என்றால் நல்ல நாள். பல நாள் ஒன்றுமில்லை என்று கேட்டுவிட்டு வாயைக் கொப்பளித்திருக்கிறாள். முதலாவது, பெர்த் நகரத்தில் இருக்கும் மகள் ஆதிரை அனுப்பியது: "ஞாயித்துக்கிழம பேசறேம்மா, அப்பாவையும் இருக்கச் சொல்லு." இரண்டாவது, ஈரோடு சான்றுச் சாவடியில் வேலை பார்க்கும் பர்வீன் அனுப்பியது: "அக்கா, உங்க சான்று ஒம்பது நாள்ல முடியுது. இன்னும் சாட்சி வரல."

மிருதுளா வாயில் நுரையோடு அப்படியே நின்றாள்.

எழுதவும் பேசவும் முகம் காட்டவும் பழகிய இயந்திரங்களை எல்லாரும் ஆக்கி என்றே சொன்னார்கள். அவள் இளமையில் ஆக்கி ஒரு விளையாட்டுப் பொருள். பிறகு வலை முழுக்க அதுவே ஆனது. பெற்ற பிள்ளையின் குரலில் அழுதது, இறந்தவர் முகத்தோடு வந்து நலம் விசாரித்தது. எது யார் என்று தெரியாமல் நாடே தடுமாறிய பிறகுதான் சல்லடை வந்தது. இப்போது எல்லாத் திரையிலும் எல்லாப் பேசியிலும் சல்லடை உண்டு. மனிதச் சான்று உள்ளவரின் குரலும் முகமும் எழுத்தும் அடுத்தவருக்குத் தனித்துத் தெரியும். சான்று இல்லாதவர் திரையிலோ பேசியிலோ பேசினால் மறுமுனையில் இருப்பவருக்கு முகம் தெரியாது, குரலும் காதில் விழவே விழாது. விமானம் ஏறவும் முடியாது.

ஆனால் மனிதர் என்று எப்படி நிரூபிப்பது? வலையில் உள்ள அத்தனையும் ஆக்கிக்குத் தெரியும். வலைக்கு வெளியே, ஒருவர் மனதில் இன்னொருவரைப் பற்றித் தங்கியிருக்கும் ஒன்றுதான் அதற்கு எட்டாது. ஆகவே வருடத்துக்கு ஒருமுறை ஒரு சாட்சி சாவடிக்கு வந்து, உங்களைப் பற்றி வலையில் எங்குமே இல்லாத ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். அதற்கு வெளிச்செய்தி என்று பெயர். சொன்ன கணமே அதுவும் வலையில் பதிந்துவிடும். அடுத்த வருடம் வேறொன்று வேண்டும்.

சட்டம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. முதல் வருடம் அவளுக்குச் சாட்சி சொன்னவள் பள்ளித்தோழி. வகுப்பில் ஒருத்தியின் பேனாவை மிருதுளா திருடிய கதை. அந்தத் தோழி போன ஆவணியில் இறந்துபோனாள்.

வலையில் மிருதுளாவுக்கு ஆயிரத்து நூறு நண்பர்கள் இருந்தார்கள். கேட்டுப் பார்த்தாள். அன்பொழுக நாற்பது பதில்கள் வந்தன. நாற்பதையும் சல்லடை ஓரமாக ஒதுக்கி வைத்தது, ஒருவர்கூட மனிதர் இல்லை. எத்தனை வருடமாக அவர்களோடு குசலம் விசாரித்துக்கொண்டிருந்தோம் என்று அவள் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணினால் தலை சுற்றும்.

மிச்சம் இருந்தது கணவர் தினகர்தான்.

சாவடியில் இரண்டு கண்ணாடி அறைகள் உண்டு. ஓர் அறையில் சாட்சி, மற்றதில் சான்று கேட்பவர். சாட்சி சொல்வதைப் பற்றி இருவரையும் தனித்தனியே கேட்பார்கள். பேசி வைத்துக்கொண்டு வந்த பொய்யை மணிக்கட்டில் மாட்டிய நாடிப்பட்டை காட்டிக் கொடுத்துவிடும். ஒரு நாளைக்கு மூன்று வாய்ப்பு.

தினகர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ரசத்துல ஒரு கிள்ளு வெல்லம் போடுவா."

"உள்ளது," என்றது சாவடி. "இரண்டாயிரத்து நாற்பத்தொன்று, மார்ச்."

"நகரும் படின்னா பயம். என் கையப் புடிச்சுக்குவா."

"உள்ளது. படத்துடன் உள்ளது."

தினகர் நெற்றியைத் தடவினார். அடுத்த அறையிலிருந்து கண்ணாடி வழியே மிருதுளா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடம் ஒன்றாக இருந்த மனிதர், தன்னைப் பற்றிச் சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று துழாவுகிறார். தொலைந்த சாவியைத் தேடுபவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

"தூங்கறப்ப ஒரு காலு மட்டும் போர்வைக்கு வெளிய இருக்கும்," என்றார் கடைசியில், மெதுவாக.

"உள்ளது. படுக்கை உணரி, தினசரிப் பதிவு."

வெளியே வந்ததும் பர்வீன் சிரித்தாள். "என்னுங்கண்ணா, கட்டுன பொண்டாட்டியப் பத்தி ஒண்ணுமே தெரியலீங்களா?"

"எனக்குத் தெரிஞ்சது பூராத்தையும் இவளே ஊருக்குச் சொல்லிட்டா. நான் எங்க போறது?" என்றார் தினகர். கோபமில்லை. அதுதான் மிருதுளாவைச் சுட்டது.

உண்மைதான். இருபது வயதில் தொடங்கிய பக்கம். சமையல், சண்டை, கர்ப்பம், காய்ச்சல், கண்ணீர் எல்லாவற்றையும் இரண்டு லட்சம் பேருக்குக் காட்டியிருக்கிறாள். அழும்போதுகூட ஒரு கண்ணால் வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்த்தவள். மறைக்க ஒன்றுமில்லாத வாழ்க்கை என்று அதற்குப் பெருமை வேறு.

பர்வீன் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, பாதிச் சனத்துக்கு இதே நெலமதான். அவருக்குத் தெரியாத ஒண்ண நீங்களே அவருகிட்டச் சொல்லுங்க. பேசி, கைப்பட்டை எல்லாம் ஊட்டுல வெச்சுட்டு வாய்க்காக் கரைக்குப் போங்க. அங்க உணரி ஒண்ணுங் கெடையாது. மனசுல பதிஞ்ச மெய்யா இருந்தாப் போதும்."

மறுநாள் காலை அவர்கள் வாய்க்கால் கரைக்குப் போனார்கள். அங்கே ஏற்கெனவே ஆள்கள் இருந்தார்கள். வெறுங்கையோடு, இரண்டிரண்டு பேராக, அடுத்த ஜோடியின் பேச்சு கேட்காத தூரம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் முழங்காலில் முகம் புதைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். தள்ளி ஒரு பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்கு எதிரே இருந்தவர் சிரிக்கவில்லை.

"சொல்லு புள்ள," என்றார் தினகர், துண்டைப் போட்டு உட்கார்ந்தபடி. "எவனாச்சும் ஒருத்தன லவ் பண்ணியிருப்ப. பரவால்ல, சொல்லு. இனி எவன் கூட்டிட்டுப் போவப் போறான்?"

அவள் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "அப்பிடி இருந்தாத் தேவலையேங்க," என்றாள்.

அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதை அவள் தனக்குள்கூட வாக்கியமாகச் சொல்லிக்கொண்டதில்லை.

"பாப்பா மொதமொதல்ல நடந்தத வீடியோப் போட்டனல்லொ, அது மொதத் தடவ இல்லீங்க. அதுக்கு முன்னாடியே நடந்தா. செவுத்த விட்டுட்டு, ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு, என்னப் பாத்து வந்தா. நாலு அடி. நான் புடிக்கல. போனு அந்த ரூம்புல இருந்துச்சு, எடுக்கறதுக்குத் திரும்பி ஓடுனேன். நான் போயிட்டேன்னு பாத்து பயந்து, கதவு நெலவுல இடிச்சுக்கிட்டு உளுந்தா. ஒதட்டுக்குக் கீழ கிழிஞ்சது அப்பத்தான்."

தினகர் வாய்க்கால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தொட்டில்ல இருந்து உளுந்துட்டான்னுதான சொன்ன."

"ஆமாங்க."

"நான் தொட்டில் கம்பிய ஏத்தி உடலைன்னு சொன்ன."

அந்த நாள்களில் அவர் ஆறு மாதம் குழந்தையைத் தூக்கப் பயந்தார். தூக்கினாலும் கட்டிலின் நடுவில் உட்கார்ந்துகொண்டுதான் தூக்குவார். அதைக்கூட அவள் படம் எடுத்துப் போட்டு, பயந்தாங்கொள்ளி அப்பா என்று எழுதியிருந்தாள். லட்சம் பேர் சிரித்தார்கள்.

"காயம் ஆறி ரெண்டாம் மாசம் செவுத்தோரமா நிக்க வெச்சு எடுத்ததுதான் அந்த வீடியோ," என்றாள். முடித்துவிட வேண்டும் என்று இருந்தது.

அவர் எழுந்து துண்டை உதறினார். "சரி, வா. சாவடி தெறந்திருப்பான்," என்றார்.

அன்று அவர் கண்ணாடி அறையில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், விபத்தைப் பார்த்தவர் காவலரிடம் சொல்வதுபோலச் சொன்னார். சாவடி கொஞ்சம் யோசித்தது. "இல்லை," என்றது. மிருதுளா மனிதர் ஆனாள். பர்வீன் கை தட்டினாள். வீடு வந்து சேர்வதற்குள் வலை அவளுக்குத் தழும்பு மறையும் பசைகளைக் காட்டத் தொடங்கியிருந்தது.

தினகரின் முறை இரண்டு மாதத்தில் வந்தது.

"நீங்களும் ஒண்ணு சொல்லுங்க, வாய்க்காலுக்குப் போலாம்," என்று தினமும் கேட்டாள். பத்து நாள் இருக்கும்போது சாதாரணமாகக் கேட்டாள். மூன்று நாள் இருக்கும்போது கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஒண்ணு இருக்குது," என்றார் தினகர். "சொல்ல மாட்டேன்."

"என்ன பேச்சு பேசறீங்க? பாப்பாகிட்டப் பேச வேண்டாமா? உங்ககிட்டத்தான அவ மனசு உட்டுப் பேசுவா!"

"அதைச் சொன்னா உனக்குத் தெரிஞ்சுரும். அப்புறம் வலைக்கும் தெரிஞ்சுரும். அடுத்த வருசம் என்னத்தக் குடுக்கறது? முப்பது வருசமா என்னைய அள்ளி அள்ளி அதுல போட்டுட்ட மிருது. அடியில இது ஒண்ணுதாங் கெடக்குது. இருந்துட்டுப் போவட்டும்."

"வேற யாராச்சும் சாட்சி சொன்னா?"

"வேற யாரு இருக்கா?" என்று அவர் கேட்டார். கேலியாக அல்ல, நிஜமாகவே யாராவது இருந்தால் தெரிந்துகொள்ளும் ஆவலோடு.

அவள் அழுதாள், சாப்பிடாமல் கிடந்தாள், பேசாமலும் இருந்து பார்த்தாள். சான்று ஒரு வியாழக்கிழமை முடிந்தது. அவர் அன்று வழக்கம்போல மாடிக்குப் போய்க் கீரைக்குத் தண்ணீர் விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் ஆதிரை திரையில் வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. அப்பாவும் அம்மாவும் எப்போதும்போல நாற்காலிகளை ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். "கண்ணு, என்ன சாமி இப்பிடி எளச்சுட்ட?" என்றார் தினகர்.

"அப்பா எங்கம்மா? சேர் காலியா இருக்குது?" என்றாள் ஆதிரை.

மிருதுளா விளக்கினாள். சான்று முடிந்துவிட்டது, புதுப்பிக்க முடியவில்லை, பக்கத்தில்தான் இருக்கிறார், நீ பேசுவது அவருக்குக் கேட்கும், அவர் சொல்வதை நான் உனக்குச் சொல்கிறேன். ஆதிரை காலி நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அந்த நாற்காலியை நோக்கியே பேசினாள்.

"அப்பா, என்னால முடியலப்பா. உங்க மாப்பிள்ளை வெளிய போறப்ப என்னை உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போறான். எதுத்துக் கேட்டா, உனக்குச் சாட்சி சொல்ல மாட்டேங்கறான். இங்க என்னைத் தெரிஞ்ச ஒரே ஆளு அவன்தான்னு அவனுக்குத் தெரியும். என்னோடது அடுத்த மாசம் முடியுது. நான் என்னப்பா பண்றது? கெளம்பி வந்துரட்டுமா?"

தினகர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "இன்னிக்கே கெளம்பி வரச் சொல்லு. துணிமணி ஒண்ணும் வேண்டாம். சான்று இருக்கறப்பவே பிளேன் ஏறிரச் சொல்லு. சொல்லு மிருது."

"அப்பா என்னம்மா சொல்றாரு?"

மிருதுளா வாயைத் திறந்தாள். அந்த ஒரு கணத்தில் அவளுக்குள் எல்லாம் ஓடிவிட்டது. வீட்டை விட்டு இறங்கியதைக் கண்டதும் அவன் ஏதாவது செய்தால்? டிக்கெட் கிடைக்க நாளாகி, அதற்குள் சான்று முடிந்துவிட்டால்? அந்த ஊரில், பேசினால் எவர் பேசியிலும் கேட்காத ஒருத்தியாக அவள் தெருவில் நிற்பாள். பத்திரமாக வந்தே சேர்ந்தாலும், இங்கே அவளுக்கு யார் சாட்சி? அப்பாவின் சாட்சி செல்லாது, அவருக்கே சான்று இல்லை. அம்மாவுக்கு மகளைப் பற்றி என்ன தெரியும், வலையில் போடாதது? தழும்பு ஒன்று இருந்தது. அதையும் செலவழித்தாகிவிட்டது. அதோடு, சான்று இல்லாமல் மகள் அங்கேயே மாட்டிக்கொண்டால் திரையில் இப்படி முகம் தெரிவதும் நின்றுபோகும். மிருதுளாவின் திரையில் தெரியும் ஒரே மனித முகம் இது. கடைசியாக வந்த இந்த எண்ணம்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்தது என்பது அவளுக்குத் தெரியும்.

"கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்றாரு கண்ணு," என்றாள்.

தினகர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"சாட்சி சொல்ற வரைக்கும் அவன்கிட்டத் தணிஞ்சு போவச் சொல்றாரு. அப்புறம் பாத்துக்கலாம்னு."

"பொய்! பாப்பா, அம்மா சொல்றது பொய். வந்துரு சாமி!" தினகர் எழுந்து நின்று கத்தினார். திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு கத்தினார். எச்சில் கண்ணாடியில் தெறித்தது. கையை வீசினார், திரையின் ஓரத்தைப் பிடித்து உலுக்கினார்.

ஆதிரைக்கு ஒரு காலி நாற்காலியும் அம்மாவும் தெரிந்தார்கள். பின்னால் கொடியில் ஒரு சட்டை ஆடிக்கொண்டிருந்தது. அவள் மூக்கை உறிஞ்சினாள், புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"அப்பாவே சொல்றாருன்னா சரிம்மா," என்றாள். "வேற ஏதாச்சும் சொல்றாரா?"

தினகரின் குரல் உடைந்துபோயிருந்தது. அறை முழுக்க அந்தக் குரல்தான் இருந்தது. மிருதுளா அவர் பக்கம் திரும்பவில்லை. நாற்காலியைத் திரைக்கு இன்னும் கொஞ்சம் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஆமா கண்ணு, இன்னும் சொல்றாரு," என்று தொடங்கினாள்.