ஆறாவது படி

"கீ...ச்!"

ஆறாவது படி வழக்கம்போலக் காட்டிக் கொடுத்துவிட்டது. செல்லக்கிளி தூக்கிய காலைக் கீழே வைக்காமல் மரப்படியிலேயே நின்றாள். படியை ஒட்டியிருந்த அறையில் கட்டில் அசைந்தது.

"அக்கா... இப்பத்தான் கண்ணசந்தேன்! ராத்திரி பூரா பொட்டுத் தூக்கமில்ல. பிரஷர் ஏறக்கூடாது, நல்லாத் தூங்கணும்னு டாக்டரு சொன்னத நீங்களும் கேட்டீகள்ல? தெரிஞ்சும் இப்படித் தங்கு தங்குன்னு இறங்குறீகளே!" அஸ்வினியின் குரல் பாதியில் உடைந்தது.

"மெதுவாத்தான் வந்தேன் தாயி... இனிமே பாத்து வாரேன்..."

ஓரகத்தியின் மீது செல்லக்கிளிக்குக் கோபம் வரவில்லை. எப்படி வரும்? இரண்டு முறை வயிற்றில் தங்கி, தங்காமல் போய், இப்போதுதான் ஏழாம் மாதத்தைத் தொட்டிருக்கிறாள். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது.

செல்லக்கிளி இந்த ஆனையூர் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது, கொழுந்தன் முத்துக்குமரன் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். தாயில்லாப் பிள்ளை. தலைவாரிவிட்டு, சோறூட்டி, காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டு வளர்த்தாள். அவளுக்கென்று ஒன்று பிறக்கவில்லை. எட்டு வருடத்துக்கு முன் கணவனும் போய்ச் சேர்ந்துவிட்டான். மிச்சம் இருந்தது மாடியில் ஓர் அறையும், இடித்த வீடு ஒன்றிலிருந்து அவன் வாங்கிவந்து பொருத்திய இந்த மரப்படியும்தான். படி சத்தம் போடாமல் இருந்தால்தான் இந்த வீட்டில் தான் இருக்கலாம் என்ற பயம் ஒரு மாதமாக அவளை அரித்துக்கொண்டிருந்தது.

தெருமுனை ஆசாரியிடம் கேட்டிருந்தாள். மரமும் மரமும் உரசுவதால் வரும் சத்தம், இடுக்கில் முகப்பவுடரைத் தூவி மேலே சுத்தமாகத் துடைத்துவிடுங்கள், வியாழக்கிழமை வந்து அடியில் ஆப்பு வைத்து ஸ்குரு போடுகிறேன் என்று சொல்லியிருந்தார். அன்று காலை படிப்படியாக உட்கார்ந்து அதைத்தான் செய்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வோர் இடுக்காகத் தட்டினாள்.

வேலைக்குக் கிளம்பிய முத்துக்குமரன் ஹெல்மெட்டோடு வந்து நின்றான். "எதுக்கு மதினி இம்புட்டுப் பாடு? கதவுக் கீலுக்கு விடுற மாதிரி கொஞ்சம் எண்ணெய விட்டா நின்னுரும்ல?"

"வேணாந்தம்பி. வழுக்கும்னு ஆசாரி சொல்லியிருக்காரு."

"அவருக்கென்ன..." என்று சிரித்தான்.

செல்லக்கிளி மாடிக்குப் போனவள் போனவள்தான். இறங்கினால் சத்தம் வருமே! பசித்த வயிற்றோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மணி பத்தரை இருக்கும். தட்டு உருளும் ஓசையும், "அய்யோ... அம்மா!" என்ற அலறலும் ஒன்றாகக் கேட்டன.

ஓடிவந்து பார்த்தாள். அஸ்வினி கைப்பிடியைப் பற்றியபடி படியில் உட்கார்ந்த வாக்கில் சரிந்துகிடந்தாள். படியெங்கும் இட்லி.

"காலைல கத்திப்புட்டேன்... நீங்க சாப்பிட வரலயேன்னு... குடுத்திட்டு வரலாம்னு ஏறுனேன்க்கா... புள்ள அசையல! அக்கா, புள்ள அசையல!"

ஓர் ஆட்டோவைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் செல்லக்கிளிக்கு உயிர் போய் உயிர் வந்தது. துடிப்பு இருக்கிறது, ஆனால் இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். துணி எடுக்க வீட்டுக்கு ஓடிவந்தபோதுதான் படியை நன்றாகப் பார்த்தாள். பளபளவென்று எண்ணெய்! ஜன்னலில் மூடி திறந்த தேங்காயெண்ணெய்ப் பாட்டில்.

முத்துக்குமரன்தான். மதினிக்குப் பாடு குறையட்டும் என்று ஊற்றிவிட்டுப் போயிருக்கிறான். இது அஸ்வினிக்குத் தெரிந்தால்? அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், இந்த ஜென்மத்தில் அவன் முகத்தில் விழிப்பாளா? செல்லக்கிளி யோசிக்கவே இல்லை. வெந்நீரும் சோப்புத்தூளும் கொண்டுவந்து தேய்க்க ஆரம்பித்தாள்.

"அடிப்பாவி!"

வாசலில் அஸ்வினியின் அம்மா பாண்டிமீனா. அலங்காநல்லூரிலிருந்து விழுந்தடித்து வந்தவள். அவளைப் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டிவந்த முத்துக்குமரன் பின்னால் நின்றான்.

"எம்மக அங்க கெடக்கா, நீ இங்க தடயத்தக் கழுவுறியா? இடுக்கெல்லாம் வெள்ளையாத் தெரியுதே, படியெல்லாம் பவுடரக் கொட்டி எம்புள்ளைய வழுக்கி விட்டுட்டியேடி! உனக்கு இல்லைன்னா யாருக்குமே இருக்கக்கூடாதா?"

செல்லக்கிளி முத்துக்குமரனைப் பார்த்தாள். அவன் கண் ஜன்னல் பாட்டிலுக்குப் போய், தரைக்கு இறங்கியது. இப்போது சொல்லிவிடுவான்... இதோ சொல்லிவிடுவான்...

சொல்லவில்லை.

"ஆமா... பவுடரு நாந்தான் போட்டேன்," என்றாள் செல்லக்கிளி.

இரண்டு நாள் பச்சைத் தண்ணீர்கூட அவளுக்கு இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குள் விடமாட்டேன் என்று பாண்டிமீனா சொல்லிவிட்டாள். மூன்றாம் நாள் காலை அவளிடமிருந்தே போன் வந்தது. பிள்ளை நன்றாக இருக்கிறது! சாமி படத்தின் முன்னால் அழுது தீர்ப்பதற்குள் அடுத்த வார்த்தையும் வந்தது. "எம்மகளக் கூட்டிட்டு வாரேன். வரும்போது நீ அங்க இருக்கக்கூடாது."

சமைத்து வைத்துவிட்டுப் பையோடு வாசலுக்கு வந்தபோது ஆட்டோ வந்து நின்றது.

"அக்கா, பையோட எங்க போறீக?" அஸ்வினி பதறினாள்.

"அழகர்கோவிலுக்குப் பக்கத்துல எந்தம்பி வீடு இருக்குல்ல, அங்கதான் தாயி." பிறகு முத்துக்குமரனிடம் திரும்பினாள். "கொழம்பு இறக்கி வச்சிருக்கேன். அவளுக்கு உப்பக் கொறச்சுத் தனியா எடுத்து வச்சிருக்கேன். மாத்திக் குடுத்துறாத தம்பி."

அவ்வளவுதான். முத்துக்குமரன் தெருவென்றும் பாராமல் அவள் காலில் விழுந்தான்.

"நாந்தான் அத்த... எண்ணெய் ஊத்துனது நாந்தான்! மதினி வேணாம்னு சொல்லியும் ஊத்துனேன். என்னையக் காப்பாத்தத்தான் கழுவுனாக!"

பாண்டிமீனாவுக்குத் தான் சொன்ன சொல்லெல்லாம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும், கை தானாகக் குவிந்தது. அஸ்வினி கணவனை வெறித்துப் பார்த்தாள். "மூணு நாளு! மூணு நாளா எங்கிட்டக்கூட மூச்சு விடலயே! இவுகளப் போயி..." என்று செல்லக்கிளியின் தோளில் சாய்ந்து விம்மினாள். செல்லக்கிளி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். காலடியில் கிடந்தவனை மட்டும் உடனே தூக்கவில்லை.

"எண்ணெய ஊத்துனியே, அது தெரியாமச் செஞ்சது. அத நான் மனசுலயே வைக்கல தம்பி. ஆனா நான் பையத் தூக்குற வரைக்கும் வாயத் தொறக்காம நின்னியே..." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எம்மகன்னு நெனச்சேனே!"

"பயந்துட்டேன் மதினி... அவ போயிருவாளோன்னு பயந்துட்டேன்..."

செல்லக்கிளி பையைக் கீழே வைத்தாள். குனிந்து, அவன் முகத்தை நிமிர்த்தி, முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"அப்பனாகப் போறவன் இப்படியா அழுவ? எந்திரி. இனிமே பயம் வந்தா, யாருகிட்டயும் மறைக்காம நேரா எங்கிட்ட வந்து சொல்லு. நான் எங்கயும் போகல."