ஒன்பதாவது குறிப்பு

கட்டுரைக்குக் கீழே நானூற்றுப் பன்னிரண்டு பின்னூட்டங்கள் இருந்தன. நானூற்றுப் பதினொன்றில் நன்றி, வாழ்த்து, கிண்டல், கொஞ்சம் சண்டை. மிச்சமிருந்த ஒன்றைத்தான் அவன் சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தான். 'புதுசு' என்ற பெயரில் யாரோ எழுதியிருந்தார்கள்.

"அண்ணா, ஒன்பதாவது குறிப்பு தப்பு. மணி மூணு தடவையோட நிக்கல. கொஞ்சம் விட்டு நாலாவதா ஒண்ணு அடிக்குது. பாதிதான் அடிக்குது. உங்களுக்குக் கேக்கலியா?"

ஏழடுக்கு என்ற வீடியோ கேம் ஆடுகிறவர்கள் நடுவில் அவனுக்குக் குறிப்பண்ணன் என்று பெயர். வீட்டில் ஒரு பல்பு மாற்றத் தெரியாதவன், ஊர் உலகத்துக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தான். அந்த ஆட்டமும் லேசுப்பட்டதல்ல. இருட்டு மாளிகை ஒன்றுக்குள் தளம் தளமாக ஏழு அடுக்கு கீழே இறங்க வேண்டும். செத்தால் சேர்த்து வைத்ததெல்லாம் போய், மறுபடி முதல் அறை; இந்த முறை அறைகள் இடம் மாறியிருக்கும். நடுவில் நிறுத்தி வைக்கவும் முடியாது. அதைவிட மோசம், நீங்கள் செத்த இடத்தில் உங்கள் உருவம் அப்படியே தங்கிவிடும். அதற்கு எச்சம் என்று பெயர். நீங்கள் எப்படி ஆடினீர்களோ அதையே ஒரு அசைவு பிசகாமல் அது செய்துகொண்டே இருக்கும்.

'ஏழடுக்கில் புதிதாக இறங்குகிறவர்களுக்குப் பன்னிரண்டு குறிப்புகள்' என்று அவன் எழுதிய கட்டுரை பிய்த்துக்கொண்டு போனது. அதில் ஒன்பதாவது இது: 'நான்காம் தளத்தில் பக்கத்து அறையிலிருந்து மணி அடிக்கும். புதியவர்கள் புதையல் என்று ஓடிப்போய்ச் சாவார்கள். போகாதீர்கள். மூன்று முறை அடிக்கும், பிறகு தானாக நின்றுவிடும். உங்கள் வேலையைப் பாருங்கள்.'

இணையதளத்தின் ஆசிரியர் ஒரு வரி அனுப்பியிருந்தார். "புதுசுன்னு ஒருத்தர் சொல்றது சரியான்னு ஆடிப் பாத்துட்டு இன்னிக்கே பதில் போட்டுடுப்பா."

நாலாவது மணியைப் பற்றி அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருக்கவும் முடியாது, ஏனென்றால் அது ஆட்டத்தில் அடிக்கவில்லை.

அவன் அப்பா ரேடியோ ரிப்பேர்காரர். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்த பிறகு, பின்னறைக் கட்டிலின் வலது பக்கக் கம்பியில் அக்காவின் பள்ளிக்கூட சைக்கிளிலிருந்து கழற்றிய மணியை அவரே ஒற்றைக் கையால் முடுக்கி வைத்துக்கொண்டார். ஒரு மணி என்றால் தண்ணீர். இரண்டு என்றால் பாத்ரூம். மூன்று என்றால் உடனே வா. நாலுக்கு அந்த வீட்டில் அர்த்தமே கிடையாது.

ஐந்து வாரத்துக்கு முந்தைய ஒரு புதன்கிழமை மத்தியானம், அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஏழாம் தளத்துக்கு வந்திருந்தான். இரண்டரை மணி நேர உழைப்பு. அப்போது பின்னறையில் மணி அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. "இதோ வரேன்ப்பா, ஒரு நிமிஷம்," என்று குரல் கொடுத்துவிட்டு அவன் ஆடிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து நாலாவது. பாதியில் விரல் வழுக்கியதைப் போல ஒரு 'ட்ரி'. அவன் ஆறு நிமிடத்தில் ஜெயித்தான். ஜெயித்த திரையைப் படம்கூடப் பிடித்தான். அந்தப் படம்தான் இன்றைக்கும் கட்டுரையின் முகப்பில் பளபளக்கிறது. அவன் பின்னறைக்குப் போனபோது அப்பாவின் மூச்சு நின்றிருந்தது.

அக்காவிடம், "காதுல ஹெட்போன் இருந்துச்சுக்கா, கேக்கவே இல்ல," என்றான். அக்கா அவன் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உண்மை என்னவென்றால், ஹெட்போனின் ஒயர் அறுந்துபோய் முந்தின நாளே அப்பாவிடம் ரிப்பேருக்குப் போயிருந்தது. கடையில் செய்ததைப் போலவே அப்பா அதில் சீட்டு ஒட்டியிருந்தார்: 'ஹெட்போன். இடது ஒயர். வந்தது செவ்வாய்.' கீழே தேதி. வேலை முடிந்தால் ஒரு டிக் போடுவார். அன்றைக்கு டிக் இல்லை. ஒயர் பாதி சுற்றிய டேப்போடு அவர் பக்கத்து மேஜையில் கிடந்தது. அவன் முதலில் அதை எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டான். அதற்குப் பிறகுதான் ஆம்புலன்சைக் கூப்பிட்டான்.

அன்றிலிருந்து அந்த அறைக் கதவை அவன் திறக்கவில்லை.

காலையில் அக்கா போன் செய்திருந்தாள். "சாயந்திரம் வேன் எடுத்துட்டு வரேன்டா. கட்டில், மேஜை ரெண்டையும் ஒரு முதியோர் இல்லத்துக்குக் கேட்டிருக்காங்க. பெல்ல மட்டும் நான் வெச்சுக்கறேன்."

"நானே எல்லாத்தையும் வெளிய எடுத்து வெக்கறேன்க்கா."

"வேணாம், ஒருதரம் அந்த ரூம்ல நான் உக்காரணும். நீ இன்னும் அதையே நெனச்சுட்டு இருக்கியா? உனக்குக் கேக்கலடா. உன் மேல என்ன தப்பு இருக்கு?"

அந்த அன்பை அவனால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவள் வருவதற்குள் டிராயரிலிருந்து அந்த ஹெட்போனை எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் சீட்டையும் தேதியையும் பார்ப்பாள், ரிப்பேர்காரர் மகளுக்கு விளக்கவுரை தேவையில்லை. மணி மூன்றரை ஆகியிருந்தது. இன்னும் நேரம் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஆசிரியர் கேட்ட சாக்கை வைத்து, ஒரே ஒரு ஆட்டம் என்று உட்கார்ந்தான்.

வெளியே மேகம் கவிந்து கூடத்துக்குள் வெளிச்சம் பழுப்பாக இறங்கியிருந்தது. தலைக்கு மேல் மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை தொண்டையைச் செருமியது. மூடிய ஜன்னலுக்கும் திரைச்சீலைக்கும் நடுவில் ஓர் ஈ முட்டி முட்டி ஓய்ந்தது. ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்து வைத்து, கையிலிருந்த கன்ட்ரோலரின் பொத்தான்கள் கிளிக் கிளிக்கென்று பேச, அவன் முதல் தளத்தில் இறங்கினான். முதல் குறிப்பு, அவசரப்படாதே. இரண்டாவது, சுவரை ஒட்டி நட. மூன்றாவது, கண்ணைவிடக் காதை நம்பு. தான் எழுதியதைத் தானே மதித்து நடந்தான். முதல் தளம், இரண்டாம் தளம், மூன்றாம் தளம் வெண்ணெயில் கத்தி இறங்குவதைப் போலப் போனது.

நான்காம் தளத்தில் ஒரு நடை வந்தது. நீளமான, குறுகலான நடை. இடது பக்கம் ஒரு சின்னக் கதவு, அதைத் தாண்டி ஓர் அலமாரி, கடைசியில் இன்னொரு கதவு. இந்த ஆட்டம் ஒவ்வொரு தடவையும் அறைகளைக் குலுக்கிப் போடும், எத்தனையோ நடைகள் வந்துபோயிருக்கின்றன. ஆனாலும் அவன் கழுத்து தானாகத் திரும்பி, தன் வீட்டு நடையைப் பார்த்தது. இடது பக்கம் பாத்ரூம். அலமாரி. கடைசியில் அப்பாவின் அறை. தற்செயல்தான் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டான்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. ஈயம் உருகும்போது எழும் புகை, அதோடு கால்வலித் தைலம். அப்பா வேலை செய்யும்போது வரும் வாசனை. ஐந்து வாரமாக மூடிக் கிடந்த அறையிலிருந்து அது இவ்வளவு புதிதாக வரக் கூடாது.

திரைக்குள் மணி அடித்தது. ஆட்டத்தின் மணி, கிணற்றுக்குள்ளிருந்து வருவதைப் போன்ற கனத்த மணி. ஒன்று.

இரண்டு.

மூன்று.

அவன் குறிப்பின்படி அசையாமல் நின்றான். மின்விசிறி செருமியது. ஈ ஓய்ந்திருந்தது. ஒரு நிமிடம் போயிற்று. புதுசு சும்மா கதை விடுகிறார் என்று மூச்சை விட்டான்.

ட்ரி.

ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. நடையின் கடைசியிலிருந்து வந்தது. மெல்லிய, துருப்பிடித்த சைக்கிள் மணி. பாதி.

"இதோ வரேன்ப்பா," என்றது அவன் வாய். பழக்கதோஷம்.

பிறகு அவன் செய்தது அன்றைக்குச் செய்திருக்க வேண்டியது. கன்ட்ரோலரைக் கீழே போட்டுவிட்டு எழுந்தான். ஆட்டம் நிற்காது, சாகும், சாகட்டும். நடையில் நடந்தான். பாத்ரூம். அலமாரி. கதவுப்பிடி வெதுவெதுப்பாக இருந்தது. ஐந்து வாரத்துக்குப் பிறகு வந்து என்ன கிழிக்கப் போகிறாய் என்று உள்ளே ஒரு குரல் காறித் துப்பியது. திறந்தான்.

யாருமில்லை. கட்டில் வெறுமையாக, தலையணையில் பழைய பள்ளத்தோடு கிடந்தது. கம்பியில் மணி இருந்தது. அதைப் பார்க்காமல் டிராயரை இழுத்தான். ஹெட்போன் இருந்தது. ஒயரில் டேப் ஒரு சுருக்கம் இல்லாமல் கடைசிவரை சுற்றப்பட்டிருந்தது. சீட்டில், அவர் கையெழுத்துக்குப் பக்கத்தில், ஒரு டிக்.

அன்றைக்கு டிக் இல்லை. சத்தியமாக இல்லை.

ஹெட்போனைக் கையில் எடுத்தான். கட்டிலில் உட்கார்ந்தான். "அப்பா, எனக்குக் கேட்டுச்சுப்பா," என்றான். "நாலும் கேட்டுச்சு." ஐந்து வாரமாக நெஞ்சில் கிடந்ததை வெளியே சொன்னதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மன்னிச்சிடுங்க என்று சொல்ல வாயெடுத்தான். வாயின் இடது பக்கம் அசையவில்லை.

கூடத்தில் அவன் உருவம் சாகும் சத்தம் கேட்டது. இறங்கி இறங்கிப் போகும் அந்த ஒற்றைச் சுரம். அதன் பிறகு முதல் அறையின் இசை.

அதன் பிறகு, கிளிக். கிளிக் கிளிக்.

யாரோ ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அவன் எழப் பார்த்தான். இடது கால் வரவில்லை. இடது கை மரக்கட்டையாகிவிட்டது. உடம்பு தானாகச் சரிந்தது. தலை அந்தப் பள்ளத்தில் போய்ப் பொருந்தியது. ஹெட்போன் கையிலிருந்து உருண்டு படுக்கையில் விழுந்தது. கத்தினான், காற்றுதான் வந்தது. வலது கை மட்டும் இருந்தது. அதன் கட்டைவிரலுக்கு எட்டும் தூரத்தில் மணி இருந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

"இதோ வரேன்ப்பா, ஒரு நிமிஷம்," என்று கூடத்திலிருந்து பதில் வந்தது. அவன் குரல். அவன் அலுப்பு. ஒரு அசைவு பிசகாமல்.

கிளிக் கிளிக் கிளிக்.

நெஞ்சு இறுகியது. இன்னொரு தடவை அழுத்தினான். விரல் வழுக்கியது. ட்ரி.

இந்த முறை பதில் இல்லை.

எவ்வளவு நேரமென்று தெரியவில்லை. வாசல் கதவு திறந்தது. செருப்பைக் கழற்றும் சத்தம். அக்கா. அவனுக்கு உயிர் திரும்பி வந்தது.

"இன்னும் ஆடிட்டுதான் இருக்கியா? வேன் வெளிய நிக்குது. நீ உக்காரு, நான் பாத்துக்கறேன்."

"ம்," என்றது கூடம்.

அவள் நடையில் வந்தாள். உள்ளே வந்து நின்றாள். கட்டிலைப் பார்த்தாள். நேராக அவன் முகத்தைப் பார்த்தாள். யாரும் படுத்திராத கட்டிலைப் பார்க்கிற பார்வை. கையால் படுக்கையைத் தடவினாள், விரல்கள் அவன் மார்பின் வழியாகப் போய் ஹெட்போனில் தட்டின. எடுத்தாள். சீட்டைப் படித்தாள். மறுபடி படித்தாள்.

"செவ்வாய்க்கிழமையா?" என்றாள் மெல்ல.

பிறகு ஹெட்போனை மேஜையில் வைத்துவிட்டு, குனிந்து, கம்பியிலிருந்து மணியைத் திருகிக் கழற்றினாள். வேண்டாம் அக்கா. அவன் வலது கை அதைப் பிடித்துப் பார்த்தது, பிடிக்கு அகப்படவில்லை. மணி அவள் உள்ளங்கைக்குப் போனது. கதவைத் திறந்து வைத்து, கூடத்துப் பக்கம் பார்த்தபடி அவள் அதை அடித்தாள். ஒன்று. இரண்டு. மூன்று.

"இதோ வரேன்ப்பா, ஒரு நிமிஷம்."

அக்காவின் முகம் ஒரேயடியாகக் கிழடு தட்டிப்போனது. அவள் கூடத்துக்குப் போகவில்லை. சத்தம்கூடப் போடவில்லை. திரும்பி, தலையணைப் பள்ளத்தைப் பார்த்து, அவன் கண்களுக்குள் பார்த்துச் சொன்னாள்.

"அவனுக்குக் கேட்டிருக்குப்பா."

கூடத்தில் பொத்தான்கள் பேசிக்கொண்டிருந்தன. மணி இருந்த இடத்தில், வெறும் கம்பியின் மேல், அவன் கட்டைவிரல் அழுத்தியது. அழுத்திக்கொண்டே இருந்தது. சத்தம் வரவில்லை.