ஒரே மணிக்கட்டில் இரண்டு நாடி

கிண்ணியாத் துறையில் ஆட்களை அக்கரை சேர்க்கும் படகுப்பாதை தாமதித்துவிட்டது. ஸுஹைர் வகுப்புக்கு வந்து சேர்ந்தபோது இரண்டு மணி தாண்டியிருந்தது. சைக்கிளைத் துறைமுக மதிலோடு சாத்திவிட்டு வேகமாக மேட்டில் ஏறினான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்து, ஆடி மாதம். கச்சான் காற்று அனலாக வீசியது. கீழே கடல் அசைவில்லாமல் கிடந்தது.

அம்புலன்ஸ் சாரதி வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் முதலுதவிப் பயிற்சியில் சித்தியடைய வேண்டும். ஐந்து கிழமைகள் பட்டினத்து மண்டபமொன்றில் நடந்த வகுப்பு, அந்தக் கிழமை மட்டும் இந்த மேட்டுக் கட்டடத்தில் என்று சொல்லியிருந்தார், வகுப்பு நடத்தும் உதவி வைத்தியரான பாக்கியரத்தினம் அப்போதிக்கரி. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

முன்பு ஒரு கப்பல் கொம்பனி தன் கூலியாட்களுக்காகக் கட்டிய வைத்திய விடுதி அது. கொம்பனி கைவிட்டுப் போய் வெகுகாலம். உள்ளே வௌவால் எச்சத்தின் நெடி. அதற்கும் அடியில், இத்தனை வருடமாகியும் போகாத கிருமிநாசினி மணம். மூன்று இரும்புக் கட்டில்கள். வெளிப்பக்கம் தாழ்ப்பாள் வைத்த ஒரு கதவு.

மற்ற இருவரும் வந்திருந்தார்கள். ஐவி துறைமுகத் தொலைபேசி நிலையத்தில் வேலை செய்பவள். கொன்வென்டில் படித்தவள், கலகலப்பானவள். ஹெக்டர் தீயணைப்புப் பிரிவு ஆள். கடலை மூடையைத் தனியாளாகத் தூக்கித் தோளில் போடுவான்.

பாக்கியரத்தினம் வழக்கமாக உட்கார்ந்துதான் படிப்பிப்பார். அன்று நின்றார். அடிக்கடி மணிக்கூட்டைப் பார்த்தார்.

"சலரோகக்காரர் மயங்கினா ரெண்டு விதம்," என்றார். "சீனி கூடினா தோல் காய்ஞ்சிருக்கும். மூச்சை ஆழமா இழுப்பினம். வாயில பழம் அழுகின மாதிரி மணக்கும். அது ஆறுதலா வாறது. சீனி குறைஞ்சா வேர்த்து ஊத்தும். கை நடுங்கும், கதை குழறும். அது கெதியா வந்து கெதியா ஆளைக் கொண்டுபோயிடும்."

சுவரோரக் கட்டிலைப் பார்த்தார்.

"பாக்கிறவை குடிவெறி எண்டு நினைப்பினம்."

பிறகு பயிற்சி. ஐவி நோயாளி, ஹெக்டர் அவளுடைய அண்ணன், ஸுஹைர் பரிசோதிப்பவன். என்ன நோய், என்ன குணங்குறி என்று எழுதிய துண்டை ஐவிக்குக் காட்டிவிட்டு ஹெக்டரிடம் கொடுத்தார். ஐவி யன்னலோரக் கட்டிலில் படுக்கப் போனாள்.

"அது வேண்டாம் பிள்ளை. சுவரோரக் கட்டில்," என்றார்.

ஐவி படுத்தாள். ஆழமாக மூச்சிழுத்து நடித்தாள். ஹெக்டரைப் பார்த்ததும் சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணன், இவவுக்கு என்ன செய்யுது?" என்று ஸுஹைர் தொடங்கினான்.

"ரெண்டு நாளாத் தண்ணி தண்ணியெண்டு குடிச்சுத் தள்ளுறா, தம்பி. சாப்பாடு கேக்கிறதே இல்லை."

படித்தபடி ஒவ்வொன்றாகச் செய்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டான். மூச்சைக் கவனித்தான். ஆழமான மூச்சு. சீனி கூடியிருக்கிறது என்று மனதுக்குள் முடிவெடுத்துக்கொண்டு, தோலைப் பார்க்கக் கையைத் தொட்டான்.

கை நனைந்திருந்தது.

உள்ளங்கை மட்டுமல்ல. முழங்கை வரைக்கும் ஈரம். அந்த வெக்கையிலும் கிணற்றுக்குள்ளிருந்து எடுத்த கயிறு போலக் குளிர்ந்து கிடந்தது. நெற்றியில் முத்து முத்தாக வேர்வை அரும்பி, காதோரம் வழிந்து, மெத்தையில் கறுப்பாகப் பரவியது. மூச்சு மேலோட்டமாகிவிட்டது. விரல்கள் நடுங்கின.

அழுகையை நடிக்கலாம், மயக்கத்தை நடிக்கலாம். வேர்வையை யார் நடிப்பது?

"ஐவி," என்றான் மெதுவாக. "நடிச்சது காணும். எழும்புங்கோ."

அவளுடைய கண்கள் திறந்திருந்தன. அவை அவனைப் பார்க்கவில்லை.

"கதவத் தெறங்க மகன்," என்றாள்.

குரல் ஐவியுடையதுதான். பேச்சு அவளுடையதல்ல. மூதூர்ப் பக்கத்து வயதாளிகளின் பேச்சு அது. ஸுஹைருடைய வாப்பாவின் கூட்டாளிமார் அப்படித்தான் கதைப்பார்கள்.

கதவு திறந்துதான் கிடந்தது.

"சேர்," ஹெக்டர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதில சீனி கூடினதெண்டல்லோ எழுதிக் கிடக்கு?"

பாக்கியரத்தினம் ஓரடி பின்வாங்கினார். சுவரில் ஒட்டினாற்போல நின்றார். "ஸுஹைர், விடாதேங்கோ. என்ன வருத்தமெண்டு சொல்லுங்கோ."

"சீனி குறைஞ்சிருக்கு."

"அப்ப என்ன செய்யோணும்?"

"நினைவு தப்ப முன்னமே சீனி குடுக்கோணும்."

அவர் முன்கூட்டியே கொண்டுவந்திருந்தார். பங்கீட்டுக் கூப்பனுக்குக் கூடச் சீனி கிடைக்காத காலம் அது. கடதாசிச் சரையில் அரை இறாத்தல் சீனியும் போத்தல் தண்ணீரும் அவருடைய பையிலிருந்து வெளியே வந்தன. ஸுஹைர் கரைத்தான். ஐவியின் தலையை நிமிர்த்திக் கிளாஸை உதட்டில் வைத்தான்.

"தேத்தண்ணி ஒண்டு தாங்க மகன். சீனி போட்டுத் தாங்க."

"தாறன் வாப்பா, குடியுங்கோ," என்றான். வாப்பா என்று சொன்னதை அவன் உணரவில்லை.

ஐவியின் தொண்டை விழுங்கியது. ஒரு கிளாஸ். இன்னொரு கிளாஸ்.

"தாங்க மகன்."

மூன்றாவது கிளாஸும் போயிற்று. நடுக்கம் கூடியதே தவிரக் குறையவில்லை. அவன் ஊற்றுவது யாருக்கோ போகிறது. கேட்பவருக்குப் போய்ச் சேரவில்லை.

"என்னத்துக்குச் சிரிக்கீங்க? நான் குடிக்கல்ல. ஹறாம், அத நான் தொட்டதே இல்ல."

அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை.

"தூக்குங்கோ, ஆசுபத்திரிக்குக் கொண்டுபோவம்," என்றான் ஸுஹைர். ஹெக்டர் குனிந்து ஐவியை அள்ளினான். கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு சாண் உயர்த்தியிருப்பான். பிறகு மெல்லக் கீழே விட்டுவிட்டுத் தன் கைகளைப் பார்த்தான்.

"ஏலாதடா," என்று கிசுகிசுத்தான். "இதில ரெண்டு பேற்ற பாரம் கிடக்கு."

ஸுஹைர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தான். வேகமாக, நூல் போல ஓடியது. எண்ணத் தொடங்கியவன் இடையில் குழம்பினான். மறுபடியும் விரலை அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

ஒரே மணிக்கட்டில் இரண்டு நாடி.

ஒன்று ஆறுதலாக, திடமாக அடித்தது. அது ஐவி. அதன் பக்கத்தில், துரத்தப்பட்ட பிராணியைப் போல மற்றது ஓடிக்கொண்டிருந்தது. ஓட ஓட மெலிந்தது.

"கதவ..." என்றாள் ஐவி. அதற்குப் பிறகு தாடை இறுகிவிட்டது. நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது என்று படிப்பித்தவர் சுவரோடு நின்று அழுதுகொண்டிருந்தார். செய்வதற்கு இனி ஒன்றுமில்லை. ஸுஹைர் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். விட்டால் போய்விடும் போலிருந்தது.

பிடித்துக்கொண்டிருக்கும்போதே போயிற்று.

தட்டியது. நின்றது. ஒருமுறை தட்டியது.

பிறகு ஒரு நாடிதான்.

பாக்கியரத்தினம் மணிக்கூட்டைப் பார்த்தார். மூன்று இருபது.

ஐவி கண்ணை மூடித் திறந்தாள். உடம்பு காய்ந்திருந்தது. எழுந்து உட்கார்ந்து மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நித்திரையாப் போனனே?" என்றாள். உதட்டை நாவால் தடவினாள். "ஏன் என்ர வாய் இப்பிடி இனிக்குது?"

ஹெக்டர் அவளைக் கூட்டிக்கொண்டு கீழே போனான். ஸுஹைர் போகவில்லை.

"ஆர் சேர் அது?"

"ஆதம்பாவா எண்டு மூதூர் ஆள். மூடை ஏத்திறவர்." பாக்கியரத்தினம் கட்டிலைப் பார்த்தபடியே சொன்னார். "அம்பத்தொன்பதில. வெறியில விழுந்து கிடந்தாரெண்டு கொண்டுவந்து போட்டவங்கள். நான்தான் அண்டைக்கு இஞ்ச வேலை. வெறி முறியட்டும் எண்டு வெளியால தாழ்ப்பாளைப் போட்டன். தேத்தண்ணி கேட்டார். சீனியும் வேணுமாம் எண்டு சொல்லிச் சிரிச்சனான். மூண்டு இருபதுக்குச் செத்துப்போனார். அவற்ற சேட்டுப் பைக்குள்ள சலரோகத் துண்டு இருந்ததைப் பிறகுதான் கண்டது."

"அது தெரிஞ்சுகொண்டோ எங்களைக் கொண்டு வந்தனீங்கள்? ஐவிக்கு ஏதும் நடந்திருந்தா?"

"ஒருத்தருக்கும் ஒண்டும் நடந்ததில்லை, தம்பி. அவர் மட்டுந்தான் போறார்." மூக்கைத் துடைத்தார். "இது நான் இஞ்ச கொண்டு வந்த ஏழாவது வகுப்பு. என்னால அந்தக் கட்டிலுக்குக் கிட்டப் போக ஏலாது. நல்லாப் படிச்ச ஒருத்தராவது நேரத்துக்குப் பிடிச்சுக் காப்பாத்துவினம் எண்டு பாக்கிறன். நீங்கள் ஒரு பிழையும் விடேல்லை. கெதியாவும் பிடிச்சனீங்கள்."

ஒரு பிழையும் விடவில்லை என்பதுதான் ஸுஹைரால் தாங்க முடியாமல் இருந்தது. அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, பக்கத்தில் உட்கார்ந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் இறங்கி வந்தான். படகுப்பாதைக்குக் காத்திருந்தவர்கள் மத்தியில் நின்று, ஆதம்பாவாவுக்காகத் துஆ ஓதினான். பாதி ஓதும்போது சொற்கள் மறந்து போயின.

ஐவி அதற்குப் பிறகு வகுப்புக்கு வரவில்லை. ஸுஹைர் சித்தியடைந்தான். வேலையும் நிரந்தரமாயிற்று.

புரட்டாதியில் ஒரு காலை, சல்லி என்ற கரையோரக் கிராமத்திலிருந்து அழைப்பு வந்தது. கருவாடு காயவைக்கும் வாடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு. கமலாதேவி என்ற மீனவப் பெண் பாயில் கிடந்தாள். சலரோகக் குளிசையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் கருவாடு பரப்பப் போயிருக்கிறாள். வேர்வை, நடுக்கம், குழறல். ஸுஹைர் அவளுக்கும் சுவருக்கும் இடையிலிருந்த ஒடுக்கத்தில் தன்னை நுழைத்துக்கொண்டு, தலையை மடியில் ஏந்தி, சீனித் தண்ணீரைப் பருக்கினான்.

பத்து நிமிடத்தில் வேர்வை நின்றது. நடுக்கம் அடங்கியது. அவள் கண்ணைத் திறந்து, தெளிவாகத் தன் பெயரைச் சொன்னாள். பல கிழமைகளுக்குப் பிறகு ஸுஹைருக்கு மூச்சு முழுதாக வந்தது போலிருந்தது.

"இன்னும் கொஞ்சம் கிடக்கு. குடியுங்கோ அக்கா."

"எனக்குக் காணும் தம்பி." அவள் அவனுடைய தோளுக்கு மேலாகப் பார்த்தாள். முகத்தில் பயமில்லை. இரக்கந்தான் இருந்தது. "பின்னால நிக்கிற ஐயாவுக்குக் குடுங்கோ. பாவம், அவருக்கு வேர்த்து ஊத்துது."

ஸுஹைர் திரும்பவில்லை. அவனுடைய முதுகு சுவரில் சாய்ந்திருந்தது.