மூன்று வினாடி

விசைப்பலகையின் ஒயரைப் பிடுங்கிக் கையில்தான் வைத்திருந்தாள். ஆனாலும் திரையில் அந்த வரி வந்தது: இரண்டாவது வினாடியில் விசை அழுத்தப்பட்டது.

"அட, யாருடா அழுத்துறது?" என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

கதவுப் பூட்டுக்குள் இருக்கும் அந்தக் குட்டிக் கணினியில், மின்சாரம் வந்ததும் முதலில் கண் விழிப்பது பூட்லோடர். மற்ற நிரல்களை எழுப்புவதற்கு முன் அது மூன்று வினாடி காத்திருக்கும். அந்த நேரத்தில் யார் ஒரு விசையைத் தட்டினாலும், ஏன் எதற்கு என்று கேட்காமல் பூட்டை அவர்கள் கையில் கொடுத்துவிடும். அந்த ஓட்டையை அடைக்கத்தான் மூன்று நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். சோதனைப் பூட்டை மாட்டியிருந்தது மகளின் அறைக் கதவில். வீட்டில் ஒழுங்காகச் சாத்துகிற கதவு அது ஒன்றுதான். "வேற கதவே கிடைக்கலையா உனக்கு?" என்று கணவன் காலையில்கூடக் கடிந்துகொண்டு போனான். உள்ளே அந்த ஐந்து வயதுக்காரி மதியத் தூக்கத்தில் இருந்தாள்.

வெளியே மூட்டம் போட்டிருந்தது. மின்விசிறியின் கிறீச்சொலிக்கும் குழாய்ச் சொட்டுக்கும் நடுவே, ஈரத் துணியை நாளெல்லாம் மூடிவைத்தது போன்ற ஒரு நாற்றம் கதவுப் பக்கமிருந்து வந்துகொண்டே இருக்க, அவள் பூட்டை அணைப்பதும் போடுவதுமாக இருந்தாள். ஒவ்வொரு தடவையும் அதே வரி. உட்கார முடியவில்லை, எழுந்தால் நிற்கவும் முடியவில்லை.

கூட வேலை பார்க்கும் பொறியாளர் போனில் வந்தார்.

"அக்கா, அந்த மூணு வினாடி ஓட்டையை அடைச்சு பூட்லோடருக்கு முத்திரை வச்சாச்சா? வச்சா வச்சதுதான், மாத்த முடியாது. அப்புறம் உள்ள என்ன இருக்கோ, அது சொல்றதைத்தான் பூட்டு கேட்கும். உள்ள சுத்தமா இருக்கான்னு பார்த்துட்டீங்கல்ல?"

"பார்த்தாச்சு, பார்த்தாச்சு. சும்மா நச்சரிக்காதீங்க."

பார்க்கவில்லை. வருகிற வழியை அடைத்துத் தொலைத்தால் போதும் என்று இருந்தது அவளுக்கு.

முத்திரை வைத்தாள். பூட்டு அணைந்து எழுந்தது. மூன்று வினாடி இல்லை. அந்த வரியும் இல்லை.

"அப்பாடா!"

டக்.

கதவு தானாகப் பூட்டிக்கொண்டது.

ரகசிய எண்ணை அழுத்தினாள். அனுமதி இல்லை. மறுபடியும். அனுமதி இல்லை.

"அம்மா..." உள்ளேயிருந்து, தூக்கம் கலையாத குரல்.

"கண்ணு, கதவுகிட்ட வாம்மா!"

"இவரு விடமாட்டேங்கிறாரும்மா. வெளிய நின்னு நின்னு கால் வலிச்சுதாம். நீ நல்லா பூட்டிட்டியாம். இனிமே யாராலயும் வர முடியாதாம்."

தோளால் இடித்தாள். கத்தினாள். தரையில் விழுந்து கதவுக்கு அடியில் கையை நுழைத்தாள். விரல்நுனி மட்டும் போயிற்று.

சின்ன விரல்கள் வந்து தொட்டன. சூடாக. இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அந்த விரல்களின் மேல், நீளமாய், ஈரமாய், இன்னொரு கை வந்து படிந்தது. அவசரமே இல்லாமல், ஒவ்வொரு விரலாகப் பிரிக்கத் தொடங்கியது.