துளசி இல்லை, மிஸ்...

"துளசியையும் உள்ளிப்பூண்டையும் சேர்த்து அரைக்கிறதா?... ஐயோ மிஸ், கோயில்ல கேட்டா அடிப்பாங்க!"

அருள்நாயகி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அச்சகத்து மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவன் அவள் பிழைதிருத்திக்கொண்டிருந்த புறூவைத் தலைகீழாகவே வாசித்துக்கொண்டிருந்தான். வாய் சிரிக்கவில்லை. கண்கள்தான் சிரித்தன. அதுதான் அவளுக்கு இன்னும் கோபமூட்டியது.

"மற்றாக்களின்ரை புறூவ் வாசிக்கிறதுதான் உங்கடை வேலையோ?"

"இல்ல மிஸ். அக்காட மகளுக்குச் சர்ச்சில புதுநன்மை. அழைப்பு அட்டை அடிக்க வந்தேன். கண்ணுல இது பட்டுட்டுது... அது துளசி இல்ல, மிஸ். சத்தியமா இல்ல."

அது தொண்ணூற்றெட்டு மார்ச். லண்டனில் பயண நிறுவனம் நடத்தும் ஒரு தமிழர், கூலி குறைவென்று கொட்டாஞ்சேனையிலுள்ள அந்த அச்சகத்துக்குக் கையேடு ஒன்றை அனுப்பியிருந்தார். பிள்ளைகளோடு வெளிநாட்டில் வாழும் பெற்றோருக்காக, 'இத்தாலிக் கரையோரம் ஐந்து நாள் நடை', இடையிடையே அந்த ஊர்ச் சமையல் குறிப்புகளோடு. தமிழாக்கமும் தட்டச்சும் அருள்நாயகியின் வேலை. அகராதியில் 'பேசில்' என்ற சொல்லுக்குத் துளசி என்றிருந்தது. அப்படியே போட்டுவிட்டாள்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஆறு வருசம் அங்க ஒரு விடுதியில குசினி வேலை. நடக்க வாற ஆக்களுக்குப் பகல் சாப்பாடு கட்டிக்கொண்டு மலைப் பாதையில முன்னுக்குப் போய் நிப்பேன். பேர் கொன்ஸ்ரன்ரைன். சீசனுக்குத் திரும்பப் போகணும். இன்னும் மூணு கிழமை இருக்கு."

"காசு குடுத்து நடக்கிறவையும் இருக்கினமோ?" அவள் கேட்டுவிட்டாள். முதல் பக்கத்தைத் தட்டச்சு செய்த நாளிலிருந்து மனதிலிருந்த கேள்வி.

அவன் சிரிக்க வாய் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

அவளுக்குத் தெரிந்த நடை ஒன்றுதான். தொண்ணூற்றைந்தில், சண்டைக்குப் பயந்து ஊரே வெளியேறியபோது, கொட்டும் மழையில், ஒரு கையில் சூட்கேஸ், மறுகையில் அம்மா... யாழ்ப்பாணத்திலிருந்து சாவகச்சேரி வரைக்கும். கொழும்புக்கு வந்த பிறகு வெள்ளவத்தையில் இரண்டு தரிப்பிடத் தூரத்துக்கும் அவள் பஸ்தான் ஏறுவாள். மழை தூறினால் யன்னலைச் சாத்திவிடுவாள்.

"ஒரு தடவை சும்மா நடந்து பாருங்க மிஸ்," என்றான் அவன், மெதுவாக. "ஞாயிறு பூசை முடிஞ்சு, பத்து மணிக்கு, வெள்ளவத்தை ஸ்டேசன். கல்கிசை வரைக்கும் தண்டவாளத்து ஓரமா. சாப்பாடு நான் கொண்டு வாறேன்."

"நான் வருவன் எண்டு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லல்ல. துளசி எண்டே அடிச்சு அனுப்புங்க..."

போனாள். சொல்லுக்காகத்தான் போகிறேன் என்று வழிமுழுக்கத் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

ஒருபக்கம் கடல், மறுபக்கம் வீடுகளின் பின்மதில்கள். அவன் வேகமாக நடக்கவில்லை. எங்கே கல்லில் நழுவும், எங்கே அலை தெறிக்கும் என்று பார்த்து நடந்தான். ஒரு பாறையில் உட்கார்ந்து பொதியைப் பிரித்தான். கொட்டாஞ்சேனை பேக்கரியில் பாண் இறக்கியபின் அந்தப் போறணைச் சூட்டிலேயே வேகவைத்த தட்டை ரொட்டி. தேசிப்புளி விட்ட நெத்தலிப் பொரியல். ஜாம் போத்தலில் பச்சை நிறத்தில் ஒரு துவையல்.

"அங்க இதே நெத்தலிதான் மிஸ். பேர்தான் பெரிசு, விலையும்தான்!"

துவையலை ரொட்டியில் தடவிக் கடித்தாள். உள்ளி, கஜு, எண்ணெய்... எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வாசம். எங்கோ தெரிந்த வாசம். பெயர்தான் வரவில்லை.

"இந்த இலைக்குத் தமிழில என்ன?"

"தெரியாது. அங்க பசிலிக்கோ."

"பசியில்லையோ எண்டு கேக்கிறமாதிரி இருக்கு!" சிரித்துவிட்டாள். கொழும்புக்கு வந்தபிறகு இப்படிச் சத்தமாகச் சிரித்தது நினைவில்லை.

"புறக்கோட்டையில பலூடாவுக்கு ஊறப்போடுற கறுப்புக் கசகசா விதை வாங்கி, பால்மா டின்னில விதைச்சேன். அதுதான் முளைச்சுது."

"கசகசா எண்டு போட்டால் சனம் சர்பத் கடை தேடும்."

தெஹிவளை கால்வாய்ப் பாலத்தடியில் காவலரண் இருந்தது. சிப்பாய் கையை நீட்டினான். கொன்ஸ்ரன்ரைனுடைய கொழும்பு அடையாள அட்டையைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தான். அவளுடைய அட்டையில் யாழ்ப்பாணம் என்றிருந்தது.

"பொலிஸ் ரிப்போட் எக?"

அவள் பையைத் துழாவினாள். யாழ்ப்பாணத்தார் கொழும்பில் தங்குவதற்குப் பொலிஸ் கொடுக்கும் பதிவுத் துண்டு போன கிழமையோடு முடிந்திருந்தது. புதியதற்குக் கொடுத்தும் இன்னும் வரவில்லை. சிப்பாய் உள்ளே இருந்தவனைக் கூப்பிடத் திரும்பினான்...

"மகே நோனா, சேர்," என்றான் கொன்ஸ்ரன்ரைன், சர்வ சாதாரணமாக. "அபி கொட்டஹேனே."

சிப்பாய் இருவரையும் பார்த்தான். சாப்பாட்டுப் பொதியைப் பார்த்தான். புன்னகைத்து வழிவிட்டான்.

நூறு யார் தாண்டியதும் அவள் நின்றாள். மகே நோனா என்றால் என் மனைவி; நாங்கள் கொட்டாஞ்சேனை ஆட்கள். வெள்ளவத்தைக்கு வந்த முதல் கிழமையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்ட சிங்களம் அது.

"ஆரைக் கேட்டு அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"மிஸ், வேற வழி..."

"பொலிஸ் ஸ்டேசனில இருத்தினால் இருந்திருப்பன். உங்கடை பெண்சாதியெண்டு பொய் சொல்லித் தப்பவேண்டிய நிலைமை எனக்கில்லை."

குரல் நடுங்கியது. பயத்திலா, கோபத்திலா... அல்லது அந்தச் சொல் காதில் இனித்ததாலா? அந்தக் கடைசிக் கேள்விதான் அவளைத் தெஹிவளையில் பஸ் ஏறவைத்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு அவன் அச்சகத்துக்கு வரவில்லை. அட்டையை அவனுடைய அக்காதான் வந்து எடுத்துப்போனாள். புதிய பதிவுத் துண்டு கிடைத்தது. கையேட்டில் அந்த ஒரு சொல்லுக்கான இடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. சனிக்கிழமை காலை மேசையில் ஒரு பால்மா டின். உள்ளே செழித்த செடி. கூடவே ஒரு துண்டு:

'மிஸ், கேக்காம சொன்னது பிழைதான். இதுக்குப் பேர் நீங்களே வையுங்க. புதன்கிழமை பிளைட். நாளைக்கு வழமைபோல நடப்பேன்.'

டின்னோடு வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த அம்மா சிவக்கொழுந்து, மகளைப் பார்க்குமுன் காற்றை மோந்தாள்.

"திருநீற்றுப்பச்சை! எங்காலை பிள்ளை உனக்கு?"

அருள்நாயகி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "இது... துளசி இல்லையோ அம்மா?"

"துளசியோ? மூக்கடைப்பே உனக்கு? ஆர் தந்தது?"

எல்லாவற்றையும் சொன்னாள். புறூவ், நெத்தலி, காவலரண், அந்தப் பொய். அம்மா ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி மணந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வேதக்காரப் பொடியன் திருநீற்றுப்பச்சை வளர்க்கிறான். சைவப் பிள்ளை நீ துளசியை உள்ளியோடை அரைக்கச் சொல்லி எழுதிறாய்... உங்கள் ரண்டு பேரில ஆர் சைவம்?"

"அம்மா!"

"சமயம் எனக்குப் பெரிசுதான். இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா அண்டைக்கு உன்னை அவங்கள் இருத்தியிருந்தால், இந்தக் கதவடியில நான் ஆரைக் கூப்பிட்டிருப்பன்?" அம்மா கதவை ஒருமுறை பார்த்தாள். "நன்றியெண்டு ஒரு சொல் சொன்னியோ?"

சொல்லவில்லை. நன்றி எல்லாம் மேடையில் சொல்வதென்றுதான் அவள் வளர்ந்தாள்.

ஞாயிறு வானம் இருண்டிருந்தது. வெள்ளவத்தையிலிருந்து தனியே நடந்தாள். தூரத்தில், பாலத்துக்கு அப்பால், கடலைப் பார்த்தபடி ஒரு முதுகு. அவன்தான்.

அதே சிப்பாய். கையை நீட்டினான். பையில் புதிய துண்டு இருந்தது, ஆறு மாதத்துக்குச் செல்லுபடியாகும் துண்டு. அதை எடுத்துக் கொடுத்தாள். அவன் வாசித்துவிட்டு, எங்கே போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டான்.

அவள் பாலத்துக்கு அப்பால் விரலை நீட்டினாள்.

"மகே மஹத்தயா," என்றாள். உச்சரிப்பு பிழைத்தது. குரல் பிழைக்கவில்லை.

என் கணவர்... காற்று அந்தப் பக்கமாகத்தான் வீசியது. அந்த முதுகு திரும்பியது. சிப்பாய் சிரித்துக்கொண்டு துண்டை நீட்டினான்.

அவள் கிட்டப் போகும்வரை கொன்ஸ்ரன்ரைன் அசையவில்லை. கண்களில் அந்தப் பழைய சிரிப்பு இல்லை. ஈரமாக வேறேதோ இருந்தது.

"யாரக் கேட்டு அப்பிடிச் சொன்னீங்க?"

"உங்களைக் கேக்கத்தான் வந்தனான்..." தலை குனிந்தாள். "அண்டைக்கு நீங்கள் சொன்னது பொய். இண்டைக்கு நான் சொன்னது பொய்யா இருக்கக்கூடாதெண்டு..."

"மிஸ்..."

"இன்னும் மிஸ்ஸோ?"

"அருள்..." என்றான். அவ்வளவுதான் வந்தது. மூச்செடுத்துத் தொடர்ந்தான். "ஒக்டோபர்ல சீசன் முடியுது. நேரா உங்க அம்மாக்கிட்ட வருவேன்."

"அவ பேரும் வைச்சிட்டா."

"பேரா?"

"செடிக்கு... திருநீற்றுப்பச்சை. நாளைக்குப் புத்தகத்திலயும் போட்டிடுவன்."

அவன் அந்தச் சொல்லை ஒருமுறை சொல்லிப் பார்த்தான். பிறகு சத்தமாகச் சிரித்தான்.

பெரிய துளிகளாக மழை விழத் தொடங்கியது. அவன் பதறிப்போய்ச் சட்டைக்குள்ளிருந்து பொலித்தீன் பையை எடுத்தான். "ஓடுவோமா? ஸ்டேசன் கிட்டத்தான்."

"வேண்டாம்," என்றாள் அருள்நாயகி. "மெல்ல நடப்பம்... நன்றி."

"எதுக்கு?"

அவள் மழையில் முகத்தை நிமிர்த்தி, அவன் பக்கத்தில் நடந்தாள்.