மக்கள்தொகை: ஒன்று

ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்குக் குருவம்மாள் ஊரின் மூச்சை எடைபோடுவாள். அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. செவ்வாய்க் கோளில் விட்ட மூச்சை அப்படியே வெளியே போகவிட முடியாது. பிடித்து, சுத்தம் செய்து, மறுபடி உள்ளே அனுப்ப வேண்டும். சாய்குழியின் முப்பத்தேழு வீடுகளும் மண்ணுக்கு அடியில் குழாய்களால் கோக்கப்பட்டவை. எல்லா வீட்டுக் காற்றும் ஒரே கரியுறிஞ்சியின் வழியாகப் போகும். ஒரு ஆள் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு கிலோ கரியமிலவாயுவை விடுகிறார், சின்னப் பிள்ளைகள் கொஞ்சம் குறைவாக. நேற்றைக்கும் இன்றைக்கும் உறிஞ்சியின் எடை எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்த்தால், ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். பதினெட்டு வருடப் பழக்கத்தில் அவளுக்கு இன்னும் கொஞ்சம் கூடவே தெரியும். யார் வீட்டுக்கோ விருந்தாளி வந்திருக்கிறார், எந்தப் புருஷன் பெண்டாட்டியோ சண்டை போட்டுத் தூங்காமல் கிடந்தார்கள் என்பதையும் தராசு முள் சொல்லிவிடும்.

அன்றைக்கு முள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் என்றது. சரியான கணக்கு. அவள் கையில் இருந்த அரசாங்கக் கடிதம்தான் வேறு மாதிரி சொன்னது.

‘சாய்குழி. எந்த நகராட்சியிலும் சேராத குடியிருப்பு. மக்கள்தொகை: ஒன்று.’

கடிதத்தின் அடுத்த வரி இன்னும் மோசம். நூறு பேருக்குக் குறைவான குடியிருப்பு ‘கைவிடப்பட்ட இடம்’ என்று வரைபடத்தில் குறிக்கப்படும். அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் கிளைக்குழாய் அடைக்கப்படும். மிச்சமிருக்கும் ஆட்கள், அதாவது அந்த ஒரு ஆள், செம்பொழில் நகரத்தின் ஐந்தாம் அடித்தளத்தில் குடியேற்றப்படுவார். மறுகணக்கு ஒரே ஒருமுறை, முப்பது நாள் கழித்து. அதிலும் தவறினால் கிளைக்குழாயை அந்தந்த வால்வுக் காவலரே அடைக்க வேண்டும். சாய்குழியின் வால்வுக் காவலர் குருவம்மாள்தான்.

ஒரு ஆள் இருநூற்றுப் பன்னிரண்டு பேருடைய மூச்சை எப்படி விடமுடியும்? அவள் உறிஞ்சியை அவிழ்த்துப் பார்த்தாள். தராசைச் சரிபார்த்தாள். ஒவ்வொரு வீடாகப் போய்த் தலைகளை எண்ணினாள். இருநூற்றுப் பன்னிரண்டுதான் வந்தது.

“அந்த ஒரு ஆள் நான்தான் மதினி” என்றான் தவசி. அவளுடைய கணவனின் தம்பி. பம்புகளின் பேரிங்கு மாற்றுவது அவன் வேலை. “நீங்கள்லாம் எனக்கு வந்த விருந்தாளிக. எப்பக் கிளம்புறதா உத்தேசம்?”

குருவம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சாய்குழி ஒரு சின்னப் பள்ளம். குறுக்கே நான்கு கிலோமீட்டர். ஏதோ ஒரு காலத்தில் விண்கல் விழுந்து உண்டான கிண்ணம் அது. அதன் கிழக்கு விளிம்பு சரிந்துபோனதால் அந்தப் பெயர். வடக்குச் சரிவில் புழுதிக்கு அடியில் பனிக்கட்டி இருக்கிறது, ஆனால் குடிக்க ஆகாத உப்பு. துருவத்திலிருந்து செம்பொழிலுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பெருங்குழாய் அந்தச் சரிவைத் தொட்டுக்கொண்டு போகிறது.

மூன்று தலைமுறைக்கு முன்னால் அந்தக் குழாய் அங்கே வெடித்தது. அதைச் சரிசெய்யப் பதினான்கு பேர் இரண்டு மாத அரிசியோடு வந்தார்கள். எல்லோரும் சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து பூமியை விட்டு வந்தவர்கள். வேலை முடிந்தது. கூட்டிப்போக வேண்டிய வண்டி ஏழு மாதம் கழித்து வந்தது. அதற்குள் இரண்டு கல்யாணம் நடந்து, ஒரு பிள்ளையும் வயிற்றில் இருந்தது. அடுத்த வண்டியில் போகலாம் என்றார்கள். அந்த அடுத்த வண்டிதான் இன்றுவரை பாக்கி. வாசல் பலகையில் இன்னும் ‘தற்காலிக முகாம்’ என்றுதான் இருக்கிறது. எல்லா வீட்டிலும் காற்றுக்கதவுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி தயாராக இருக்கும். ஊருக்குப் போகிற பெட்டி என்று அதற்குப் பெயர். பொங்கலுக்குப் பொங்கல் திறந்து, துணிகளை உதறி, மறுபடி மடித்து வைப்பார்கள்.

ஐந்தாம் நாள் கணக்கெடுப்பு அலுவலர் நேசமணி குழாயோரம் ஓடும் வண்டியில் வந்து இறங்கினாள். செம்பொழில்காரி, நாற்பது வயது, கடமையில் கறார். குருவம்மாள் அவளை உறிஞ்சியின் முன்னால் நிறுத்தி முள்ளைக் காட்டினாள். நேசமணி மரியாதையாகப் பார்த்துவிட்டு, மூச்சை அரசாங்கம் எண்ணுவதில்லை என்று சொன்னாள். பிறகு எண்ணும் முறையைப் பொறுமையாக விளக்கினாள்.

செவ்வாயில் பாதிப்பேர் மாதக்கணக்கில் சுரங்கத்திலோ வண்டியிலோ இருப்பவர்கள். அதனால் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை வைத்து எண்ண முடியாது. கோளில் எங்கே இருந்தாலும் சரி, தன் ஊர் என்று எதைச் சொல்கிறாரோ அந்த ஊரின் கணக்கில் சேர்ப்பார்கள். முதலில் அதைத் தாளில் எழுதி வாங்கினார்கள். தண்ணீர்ப் பங்கு கூடுமென்று சில சுரங்க முதலாளிகள் ஆள்களுக்குச் சொல்லிக்கொடுத்து எழுத வைத்தார்கள். அதன்பிறகுதான், இந்தக் கணக்கெடுப்பில் முதல்முறையாக, அனிச்சைப் பதிவு வந்தது. எல்லோர் காதுக்குப் பின்னாலும் பிறந்தவுடன் பொருத்தும் செவிமணி, கணக்கெடுப்பு நாளில் குறித்த நேரத்தில் “உங்க ஊர் எது?” என்று கேட்கும். அரை விநாடிக்குள் வரும் பதில் மட்டுமே செல்லும். யோசித்துச் சொல்கிற பதிலுக்கு மூளை கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். அதைச் செவிமணி தள்ளிவிடும். பேச்சு வராத பிள்ளைக்குத் தாயின் பதிலே பதில்.

போன மாதம் காதில் அந்தக் கேள்வி கேட்டது குருவம்மாளுக்கு நினைவிருந்தது, என்ன சொன்னோம் என்பதுதான் நினைவில்லை. அந்தப் பொறியின் வேலைப்பாடு அவளுக்குப் பிடித்துப்போயிற்று. கோபத்தை மறந்து, அரை விநாடி என்பதை எப்படி முடிவுசெய்தார்கள் என்றெல்லாம் கேட்டாள். நேசமணி தன் கைப்பெட்டியிலிருந்து சோதனைக் கருவியை எடுத்துத் தவசியின் காதருகே வைத்தாள்.

“உங்க ஊர் எது?”

“அருப்புக்கோட்டை” என்றான் தவசி.

கருவி பச்சை விளக்கைக் காட்டியது. பூஜ்யம் புள்ளி மூன்று விநாடி. அவன் அருப்புக்கோட்டையைப் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. அவன் அப்பாவும் பார்த்ததில்லை. குருவம்மாள் தலையில் அடித்துக்கொண்டு கருவியைத் தன் காதுக்கு நகர்த்தச் சொன்னாள். கேள்வி வந்தது. அவள் வாய் “சாத்தூர்” என்றது.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் சோதித்தார்கள். பந்தல்குடி, இருக்கன்குடி, பாலையம்பட்டி என்று பூமியில் ஒரு மாவட்டமே வந்து நின்றது. சாய்குழி என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. கடிதத்தில் இருந்த அந்த ஒரு ஆள் யார் என்று கேட்டதற்கு, பெயர் சொல்ல விதியில்லை என்றாள் நேசமணி.

“உங்க செம்பொழில்ல மட்டும் எல்லாரும் செம்பொழில்னா சொல்றாக?” என்று தவசி மடக்கினான்.

நேசமணி கைப்பெட்டியை மூடினாள். நகராட்சிகளுக்குச் சாசனம் உண்டு, அவற்றுக்கு இந்தச் சோதனை தேவையில்லை என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, ஒரு தடவை சும்மா சோதித்துப் பார்த்தார்கள் என்றும், நான்கு லட்சம் பேரில் பதினொரு பேர் தேறினார்கள் என்றும் சொன்னாள்.

மறுநாளிலிருந்து ஊரே பயிற்சியில் இறங்கியது, நேசமணியும் சோதனைக் கருவியோடு அங்கேயே தங்கினாள். சுவர் சுவராகச் சாய்குழி என்று எழுதினார்கள். வணக்கத்துக்குப் பதில் சாய்குழி, சாப்பிட்டாச்சா என்பதற்குப் பதில் சாய்குழி. ஒன்பது நாள் அப்படிப் போயிற்று. ஒன்பதாம் நாள் தவசி “அருப்பு” என்று தொடங்கி விழுங்கிவிட்டுச் “சாய்குழி” என்றான். ஒன்று புள்ளி ஒன்று விநாடி. சிவப்பு விளக்கு. அவன்தான் ஊரிலேயே முதல் மதிப்பெண்.

அன்றைக்குக் குருவம்மாளின் மகள் பூமாரி பேசினாள். பம்புப் பொறியியல் படிக்க நான்கு மாதம் முன்பு செம்பொழில் போனவள். மற்றவர்கள் போனால் பொருள் வாங்கிக்கொண்டு அன்றைக்கே திரும்பிவிடுவார்கள். வெளியே போய்த் தங்கியது ஊரிலேயே அவள் ஒருத்திதான். வழக்கம்போல விடுதியைப் பற்றிக் குறை சொன்னாள்.

“தண்ணி சப்புன்னு இருக்கும்மா. எங்க ஊருத் தண்ணி மாதிரி வராதுன்னு சொன்னா இவளுக சிரிக்காளுக.”

“எந்த ஊருத் தண்ணி?”

“சாய்குழித் தண்ணி. வேற எது?”

குருவம்மாள் கையில் இருந்த திருகுசாவியைக் கீழே வைத்தாள். அந்தப் பதிலுக்கு அரை விநாடிகூட ஆகவில்லை. இங்கே இருந்தவரை இதே பெண் இதே தண்ணீரைத் துருத்தண்ணி என்று திட்டாத நாள் கிடையாது. சாத்தூர் மண்ணில் கால்வைக்காமல் தண்ணீர் இறங்காது என்று பாட்டுப் பாடியவள். நான்கு மாதத்தில் மாறியது ஒன்றே ஒன்றுதான். அவள் இங்கே இல்லை.

அப்படியென்றால் கடிதத்தின் அந்த ஒரு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. ஒரே ஒரு ஆளை வைத்து முடிவுக்கு வருவது நல்ல வேலைக்காரிக்கு அழகில்லை என்பதால், குருவம்மாள் தவசியைச் சோதனைக் கருவியோடு செம்பொழிலுக்கு அனுப்பினாள். நேசமணியும் கூடப் போனாள். ஒவ்வொரு நாள் காலையிலும் செய்தி வந்தது. நான்கு நாள் அருப்புக்கோட்டை. ஐந்தாம் நாள் கொஞ்சம் திக்கல். ஆறாம் நாள், விடுதிச் சோற்றில் உப்பில்லை, படுக்கை மெத்தென்று இருந்து முதுகு வலிக்கிறது, ராத்திரியில் பம்புச் சத்தம் கேட்காமல் தூக்கம் வரவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தவனின் காதில் கேள்வி விழுந்தது. “சாய்குழி.” பச்சை விளக்கு.

அவன் வெற்றிவீரனாகத் திரும்பி வந்தான். மறுநாள் காலை மறுபடி சோதித்தார்கள்.

“அருப்புக்கோட்டை.”

ஊரே தவசியைத் திட்டியது. குருவம்மாள் மட்டும் கை தட்டினாள். இப்போதுதான் பொறியின் முழு வேலையும் அவளுக்குப் புரிந்தது. வெளியே போய்வந்தால் போதாது. கேள்வி வரும்போது வெளியே இருக்க வேண்டும்.

மறுகணக்குக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. எல்லோரும் கிளம்ப வேண்டும் என்று அவள் சொன்னபோது ஊர் இரண்டாகப் பிரிந்தது. போனபிறகு கதவைச் சாத்தி முத்திரை வைத்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். அவளிடம் அதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை.

“இங்கயே இருந்தா ஊரு கண்டிப்பாப் போயிரும்” என்றாள் குருவம்மாள். “அப்பறம் அந்தக் குழாயை நானே என் கையால அடைக்கணும். என்னால முடியாது. போனாத்தான் ஒரு வழி இருக்கு.”

“மதினி சொன்னாச் சரிதான்” என்றான் தவசி. “மூணு தலைமுறையாப் பெட்டி கட்டி வச்சுருக்கம். ஒருதடவையாவது தூக்கிப் பாப்பம்.”

உறிஞ்சியை மெதுவேகத்தில் வைத்து, விளக்குகளை அணைத்து, இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் பெட்டியோடு வண்டியேறினார்கள். செம்பொழிலின் பயணியர் கொட்டகையில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. முதல் மூன்று நாள் எல்லாம் நன்றாக இருந்தது. குருவம்மாளுக்கு அதுதான் பயம். நான்காம் நாள் ஒருவர் தண்ணீரைக் குறை சொன்னார். ஐந்தாம் நாள் காற்றில் வாசமே இல்லை என்றார்கள். ஆறாம் நாள் கொட்டகை முழுக்க ஒரே புலம்பல். அதைக் கேட்கக் கேட்க அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தனக்கு மட்டும் அப்படி எதுவும் தோன்றவில்லையே என்ற கவலையும் கூடவே இருந்தது. ஏழாம் நாள் காலை ஏழு மணிக்கு விழித்து, எடைபோட மூச்சு எதுவும் இல்லாமல் படுக்கையில் உட்கார்ந்திருந்தபோது, அவள் வாயும் ‘எங்க ஊர்ல இந்நேரம்’ என்று தொடங்கியது.

எட்டாம் நாள் காலை பத்து மணிக்கு எல்லோர் காதிலும் ஒரே நேரத்தில் கேள்வி விழுந்தது. கொட்டகை ஒரே குரலில் பதில் சொன்னது. அதில் தன் குரல் எது என்று குருவம்மாளுக்கே பிரித்துக் கேட்க முடியவில்லை.

நேசமணி ஓடிவந்து பலகையைக் காட்டினாள். இருநூற்றுப் பதின்மூன்று. பூமாரியையும் சேர்த்து.

சாய்குழி ஊராகிவிட்டது. பெயர் வரைபடத்தில் ஏறியது. கிளைக்குழாய் பத்து வருடத்துக்கு உறுதியானது. அரசாங்க ஊர்ப்பட்டியலில் நேசமணி அதன் அமைவிடத்தையும் வரலாற்றையும் மக்கள்தொகையையும் ஒரு பத்தியில் எழுதினாள். கணக்கெடுத்த நேரத்தில் அங்கே ஒரு ஈகூட இல்லை என்பதை எழுத அந்தப் படிவத்தில் கட்டமில்லை. அன்றைக்கே எல்லோரும் பாட்டும் கூத்துமாகத் திரும்பினார்கள். இரண்டு நாளில் தண்ணீர் மறுபடி துருத்தண்ணியானது. வேடிக்கைக்காகச் சோதித்துப் பார்த்தபோது தவசி அருப்புக்கோட்டைக்காரனாகவும் குருவம்மாள் சாத்தூர்க்காரியாகவும் இருந்தார்கள்.

அவள் அதற்காக வருத்தப்படவில்லை. எந்த இயந்திரமும் அதற்குரிய வழியில்தான் ஓடும். வால்வு அறையின் கையேட்டைத் திறந்து, அடுத்து வரும் காவலருக்காக முதல் பக்கத்தில் தெளிவாக எழுதிவைத்தாள்:

‘பத்து வருடத்துக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கு வரும். எட்டு நாள் முன்பே ஊரைக் காலி செய்து எல்லோரையும் வெளியூரில் தங்கவைக்கவும். ஆறாம் நாளுக்குப் பிறகு இது எல்லோருக்கும் சொந்த ஊராகிவிடும். கணக்கு முடிந்ததும் திரும்பி வரலாம்.’