குமுளிப் பாதையில் கொதித்த கார்

வீரபாண்டி குமுளி மலைப்பாதையில் குப்புறக் கிடந்தார்.

கழுத்தில் அரிவாள் வெட்டு.

பிணத்துக்குத் துணையாக ஒரே ஒரு வனக்காவலர். மேலே வட்டமிடும் கழுகைக் கல்லெறிந்து விரட்டிக்கொண்டிருந்தார்.

அதே நேரம்... மலைக்குக் கீழே, கம்பம் கடைவீதியில், சப்-இன்ஸ்பெக்டர் சுந்தர்ராஜ் ஒரு காரின் முன்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

கார் கொதித்துக்கொண்டிருந்தது.

அவரும்தான்!

1938, சித்திரை மாதம். அன்று காலையில் உத்தமபாளையம் ஸ்டேஷனுக்குள் அழுதுகொண்டே ஓடி வந்தார் சுயம்புலிங்கம். போடியில் ஏலக்காய் வியாபாரி. செத்துப்போன வீரபாண்டி அவருடைய கூட்டாளி. மலைத் தோட்டத்தில் இருவருக்கும் ஆளுக்குப் பாதி.

தோட்டத்திலிருந்து இரண்டு பேரும் காரில் இறங்கி வந்தார்களாம். ஒரு வளைவில் காரை நிறுத்திவிட்டு சுயம்புலிங்கம் புதர்ப்பக்கம் ஒதுங்கினாராம். அலறல் கேட்டுத் திரும்பி வந்தால், கூட்டாளி ரோட்டில் பிணம். தோட்டத்தில் வேலையிலிருந்து நீக்கப்பட்ட முத்துக்கருப்பன் அரிவாளோடு குமுளியைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தானாம். கீழே எதிர்ப்பட்ட வனக்காவலரைக் காவலுக்கு அனுப்பிவிட்டு, வேறெங்கும் நிற்காமல் நேராக ஸ்டேஷனுக்கு வந்ததாகச் சொன்னார்.

சுந்தர்ராஜ் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்தார்.

குமுளியைத் தாண்டினால் திருவிதாங்கூர். வேறு ராஜா, வேறு போலீஸ். முத்துக்கருப்பன் எல்லையைத் தாண்டிவிட்டால் கடிதம் எழுதி எழுதியே அவர் ரிடயர் ஆக வேண்டியதுதான்.

ஸ்டேஷனில் இருந்ததோ ஒரு சைக்கிள். அதுவும் பஞ்சர். சுயம்புலிங்கம் தன் காரையே கொடுத்தார். தானே ஓட்டுவதாகவும் சொன்னார். பின் சீட்டு நிறைய ஏலக்காய் மூட்டைகள். இறக்கி வைக்க நேரமில்லை என்று அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கான்ஸ்டபிள் சின்னக்கருப்பு ஃபுட்போர்டில் தொற்றிக்கொண்டார்.

கம்பத்தில் முதல் கொதிப்பு.

கூட்டம் கூடிவிட்டது. எண்ணெய் குறைச்சல் என்றார் ஒருவர். திருஷ்டி, தேங்காய் சுற்றி உடையுங்கள் என்றார் இன்னொருவர். ஓட்டிப் பார்க்கிறேன் என்று ஒருவர் கதவையே திறந்துவிட்டார். சுந்தர்ராஜ் லத்தியைத் தூக்கிய பிறகுதான் தண்ணீர் வந்தது. கொஞ்சம்தான் பிடித்தது. அதற்குமேல் போகாமல் வெளியே வழிந்தது.

கூடலூரில் மறுபடியும் புஸ்ஸ்...

மறுபடியும் குடம். மறுபடியும் அதே கதை. தண்ணீர் வாய் வரை நிற்கிறது... ஆனாலும் கொதிக்கிறது. இது என்ன கணக்கு? சுந்தர்ராஜ் டயரை எட்டி உதைத்தார். கால் வலித்ததுதான் மிச்சம்.

மலை ஏறினார்கள். தள்ளாத கிழம் போல முனகியபடி ஏறிய கார், சரியாக வீரபாண்டி கிடந்த வளைவில் வந்து மூச்சை விட்டது.

சுந்தர்ராஜ் குனிந்து பிணத்தைப் பார்த்தார்.

கழுத்தில் அவ்வளவு ஆழமான வெட்டு. ஆனால் ரோட்டில் இருந்ததோ கையகல ரத்தம்!

நெருடியது. ஆனால் யோசிக்க நேரமில்லை. எல்லை இன்னும் மேலே இருந்தது. முத்துக்கருப்பன் இந்நேரம் எங்கே ஓடிக்கொண்டிருக்கிறானோ?

சின்னக்கருப்பு தகர டின்னைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் தேடிப் போனார். போனார்... போய்க்கொண்டே இருந்தார். வெயில் தொப்பியைத் துளைத்தது. அவர் திரும்பி வந்தபோது சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது.

"எங்கனய்யா போனீரு?"

"அடிவாரத்து ஆத்துக்குய்யா. இங்கன ஓடையெல்லாம் காஞ்சு கெடக்கு. சொட்டுத் தண்ணி இல்ல."

சுந்தர்ராஜ் சுயம்புலிங்கத்தின் பக்கம் திரும்பி, கார் வைத்திருக்கிறாரா, வெந்நீர் அடுப்பு வைத்திருக்கிறாரா என்று எரிந்து விழுந்தார்.

சுயம்புலிங்கத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. நேற்று இதே மேட்டை மூன்று பேரோடு ஒரே மூச்சில் ஏறிய வண்டி என்றார். பானெட்டைத் திறந்தார். ரேடியேட்டரின் மேல் குழாயைத் தொட்டுக் கையை உதறினார். கீழ்க் குழாயைத் தொட்டார். அவர் முகம் தெளிந்தது.

"மேல கொதிக்குது, கீழ சில்லுன்னு இருக்கு. தண்ணி சுத்தலய்யா. உள்ள காத்து அடைச்சிருக்கு."

சூடு தணியும் வரை காத்திருந்தார். சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொன்னார். துணியைப் போட்டு மூடியைத் திருகி எடுத்தார். காரின் மூக்கு மேட்டைப் பார்த்து நின்றது நல்லதாய்ப் போயிற்று... காற்று மேலே ஏறி வர வழி. இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, ரப்பர் குழாயை அமுக்கி அமுக்கி விட்டார்.

குளுக்... குளுக்...

முட்டை முட்டையாகக் குமிழி கிளம்பியது. தண்ணீர் மட்டம் சட்டென்று இறங்கியது. சின்னக்கருப்பு சிறுகச் சிறுக ஊற்றினார். மறுபடி குமிழி. மறுபடி தண்ணீர். முக்கால் டின் தண்ணீர் உள்ளே போன பிறகு குமிழி நின்றது. கீழ்க் குழாயிலும் சூடு ஏறியது.

இன்ஜின் பூனை மாதிரி உறுமியது.

காலையிலிருந்து முதல் தடவையாக சுந்தர்ராஜ் சிரித்தார். சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார்.

"காத்து எப்படி உள்ள போச்சு?"

"மொத்தத் தண்ணியையும் எறக்கிட்டு, அவசர அவசரமா ஊத்துனா இப்படித்தான்யா அடைச்சுக்கிரும்."

சொல்லி முடித்த அடுத்த கணம் சுயம்புலிங்கம் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சுந்தர்ராஜின் சிரிப்பு அணைந்தது.

"நேத்து ஒரே மூச்சுல ஏறுன வண்டி. காலையில எங்கயும் நிக்காம வந்தீக. அப்ப... தண்ணிய எப்ப எறக்குனீக?"

சுயம்புலிங்கம் அவசரமாகப் பானெட்டை மூடப் போனார்.

"எதுக்கு எறக்குனீக?"

சொட்டுத் தண்ணீர் கிடைக்காத வளைவு... கையகல ரத்தம் மட்டுமே இருந்த ரோடு... சுந்தர்ராஜ் ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தார். ஏலக்காய் மூட்டைகளை இழுத்துக் கீழே தள்ளினார். சீட்டு மெத்தையைப் பெயர்த்துத் தூக்கினார்.

மெத்தை நனைந்து கனத்தது. மேல் தோல் பளிச்சென்று கழுவப்பட்டிருந்தது. அடியில்... தையல் மடிப்பெல்லாம் உறைந்த ரத்தம்!

சுயம்புலிங்கம் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"பாதித் தோட்டத்த வேற ஆளுக்கு எழுதிக் குடுக்கப் போறேன்னாக. இந்தக் காரு பின் சீட்டுல உக்காந்துக்கிட்டே சொன்னாக. பெறகு சீட்டக் கழுவத் தண்ணி வேணுமேய்யா... ரேடியேட்டரத் தெறந்தேன். கழுவிட்டு, கேரியர்ல இருந்த மூட்டைய எடுத்து மேல அடுக்குனேன். எறக்கத்துல இன்ஜின அணைச்சு உருட்டிக்கிட்டே போயி ஆத்துல ரொப்பிக்கிட்டேன்."

"முத்துக்கருப்பன்?"

"போன மாசமே ஊர விட்டுப் போயிட்டான். நீங்க தேடுனா கெடைக்க மாட்டான்னுதான் அவன் பேரச் சொன்னேன்."

சுந்தர்ராஜுக்கு ஆத்திரம் பொங்கியது. ஆளே இல்லாத எல்லைக்கு அரை நாள் தவித்திருக்கிறார். அதுவும் கொலை நடந்த காரில், கொலைகாரன் பக்கத்தில் உட்கார்ந்து!

சின்னக்கருப்பு விலங்கை மாட்டினார். சுயம்புலிங்கம் தலையை நிமிர்த்தி, இனி என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஈனக்குரலில் கேட்டார்.

சுந்தர்ராஜ் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"உள்ள அடைச்சிருந்ததை நீங்க வெளிய விட்டீக. வெளிய இருக்கறத நான் உள்ள அடைக்கப் போறேன்."